கையில் என்ன இருந்தது

இல்ல மேடம், கையெழுத்தே போடமாட்டேன்னு நான் சொல்லல. இந்தத் தாள்ல போடமாட்டேன்னுதான் சொல்றேன்.

தண்ணியெல்லாம் வேணாம், இருக்கட்டும். குரல் நடுங்கறது பயத்துல இல்ல. எனக்குப் பேசிப் பழக்கமில்ல, அவ்வளவுதான். காலேஜ்ல மூணு வருஷமும் பேர் கூப்பிடறப்போ உள்ளேன்னு சொன்னதுதான் நான் வாயத் தொறந்தது. அதுகூட பாதி நாள் பக்கத்து பெஞ்சுக்காரி எனக்கும் சேத்துச் சொல்லிடுவா. எங்கண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நீ பேசறது பழுதான லிஃப்ட் மாதிரி, பட்டன அமுக்கிட்டு நிக்கணும், எப்ப வரும்னே தெரியாதும்பான். இன்னிக்கு வந்திருக்கு மேடம். கதவு மூடறதுக்குள்ள சொல்லிடறேன்.

அந்த ரெக்கார்டர் ஓடுதா? ஓடட்டும். நிறுத்த வேணாம்.

இந்தத் தாள டைப் அடிச்சது எங்க செக்‌ஷன் ஹெட்டுன்னு பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. அஞ்சு வரிக்குள்ள மேற்படி நாலு எடத்துல வருது பாருங்க. நாங்க அவருக்கு வெச்சிருக்கற பேரே மேற்படியார்தான். அவருக்கும் தெரியும், நீங்க தாராளமாச் சிரிக்கலாம். நல்ல மனுஷன், அத மொதல்ல சொல்லிடறேன். இந்தப் பொண்ணு வேலை போயிடக் கூடாதேன்னுதான் மத்தியானம் சாப்பிடாமக்கூட உக்காந்து இத அடிச்சிருக்காரு. ஆனா அடிச்சது என்ன? வெள்ளத்துல நஷ்டப்பட்ட இருபத்து மூணு பேரோட இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஃபாரத்துலயும் ஒரே மாதிரி எழுத்து நடை இருக்கறதுக்குக் காரணம், ஆபீஸ்ல ஏற்கெனவே இருந்த மாதிரிப் படிவம் ஒண்ணப் பாத்து அவங்கள எழுத வெச்சேன், என் சொந்த வார்த்தை அதுல எதுவும் இல்ல. அதான?

இதுல நான் கையெழுத்துப் போட்டா உங்க ஃபைல் மூடிடும். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். அடுத்த மாசம் வேலை நிரந்தரமாயிடும். போடலன்னா, உதவி மேஜையில இருக்கறவங்க யாருக்கும் கிளெய்ம் எழுதித் தரக் கூடாதுங்கற விதிப்படி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. சரியாத்தான புரிஞ்சிட்டிருக்கேன்?

அப்படி ஒரு மாதிரிப் படிவமே கிடையாது மேடம்.

தெரியும்னு தலைய ஆட்டறீங்க. அப்புறம் என்ன.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த இருபத்து மூணு பேருக்கும் பாதிப்பு எதுவும் வராதுன்னு காலையிலயே சொல்லிட்டீங்க. வீடு வீடாப் போய்ப் பாத்துட்டீங்க, சொவத்துல இருந்த தண்ணிக் கறையக்கூட டேப் வெச்சு அளந்துட்டீங்க, எழுதினது எல்லாம் உண்மைதான்னு ரிப்போர்ட்டும் போயாச்சு. அதனாலதான் நான் இவ்வளவு துணிஞ்சு பேசறேன். அவங்க தலைமேல வந்து விழும்னா வாயே தொறக்காமக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். இப்போ என் தலை மட்டும்தான? அத நான் பாத்துக்கறேன்.

எங்க ஆரம்பிக்கறது. ஃபாரத்துலேருந்தே ஆரம்பிக்கறேன்.

எங்க ஃபாரத்துல மூணாம் பக்கம் ஒரு கட்டம் இருக்கு. சம்பவம் எப்படி நடந்தது, உங்கள் சொந்த வார்த்தைகளில், சொந்தக் கையெழுத்தில் எழுதவும். கீழ பன்னண்டு கோடு. நீங்க தலைமை ஆபீஸ்ல எழுதி முடிச்ச தாளத்தான் பாக்கறீங்க. எழுத முடியாம உக்காந்திருக்கற மனுஷங்கள நான் பாக்கறேன். பேரு, முகவரி, பாலிசி நம்பர் எல்லாம் கடகடன்னு எழுதிட்டு வருவாங்க. அந்தக் கட்டம் வந்ததும் பேனா நின்னுடும். சொந்த வார்த்தைன்னா என்னம்மான்னு என்கிட்டயே கேட்டவங்க இருக்காங்க. வீட்ல பொண்டாட்டிகிட்ட, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஆயிரம் தடவ சொல்லிச் சொல்லி அழுத விஷயம்தான். பேனாவக் கையில எடுத்ததும் அவங்களும் மேற்படியாராயிடுவாங்க. மேற்படி தேதியில் மேற்படி வீட்டினுள் நீர் புகுந்து மேற்படி பொருட்கள் சேதமடைந்தன. முடிஞ்சுது. பதினோரு கோடு காலி.

அப்படி எழுதினா கிளெய்ம் நிக்காதான்னா, நிக்கும், ஆனா திரும்பி வரும். விவரம் போதவில்லைன்னு உங்க ஆளுங்களே செவப்பு மையில எழுதி அனுப்புவாங்க. அவங்க மறுபடி பஸ் புடிச்சு வந்து, மறுபடி அந்தக் கட்டத்து முன்னாடி உக்காருவாங்க.

மொதல்ல வந்தவரு சலவைக்கடைக்காரர். மூணு தடவ திரும்பி வந்தவரு. அன்னிக்கு மேஜையில கூட்டமில்ல. நான் எதுவும் எழுதித் தர்றதா நெனைக்கல, அவரு முழிக்கறதப் பாக்க முடியாம ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டேன். முதல்ல எது நனைஞ்சது? வீட்ட விட்டு வெளிய வந்தப்போ கையில என்ன இருந்துச்சு?

ஏன் அந்த ரெண்டு கேள்வின்னா... அதுக்கு அப்புறம் வரேன் மேடம். ஞாபகமா வரேன்.

கொஞ்ச நேரம் என் மேஜையில இருந்த காலண்டரப் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, முதல்ல நனைஞ்சது பக்கத்துத் தெரு வாத்தியாரோட வெள்ளச் சட்டைங்க, அப்பதான் தேச்சுக் கீழ் அடுக்குல வெச்சேன், இன்னும் சூடாத்தான் இருந்துச்சுன்னு. தண்ணி வடிஞ்சப்புறம் எல்லாருடைய துணியும் ஒரே கலருக்கு வந்துடுச்சாம். யாருது யாருதுன்னு அவருக்கே தெரியலயாம். முப்பது வருஷமா குறி போடாமலேயே ஒவ்வொண்ணும் யார் துணின்னு சொல்லுவேம்மா, அன்னிக்குத் தெரியலன்னாரு. வெளிய வந்தப்போ கையில இஸ்திரிப் பெட்டியோட பிளக் மட்டும் இருந்திருக்கு. வயரு அறுந்தது எப்பன்னே தெரியல.

நான் ஒரு துண்டுத் தாள்ல இதத்தான் எழுதினேன். பன்னண்டு கோட்டுக்குள்ள வர்ற மாதிரி. அவருக்குப் படிச்சுக் காட்டினேன். அப்புறம், ஆமா, இதான் நடந்துச்சு, எனக்கே இப்பத்தான் தெரியுதுன்னாரு. அதப் பாத்து அவரு கையாலயே ஃபாரத்துல எழுதினாரு. போறப்போ அந்தத் துண்டுத் தாள நானே வெச்சுக்கவான்னு கேட்டு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. ரெண்டு வாரத்துல கிளெய்ம் பாஸாச்சு.

அவ்வளவுதான் மேடம் நான் செஞ்ச குத்தம். அப்புறம் அவரு போய் யாருகிட்ட சொன்னாரோ, ஒரு நர்ஸ் வந்தாங்க. ஸ்கூல் வேன் டிரைவர் வந்தாரு. பக்கத்து மேஜையில எனக்கு ஒரு சீனியர் அக்கா உண்டு, அவங்க மேஜை காலியா இருக்கும், எங்கிட்ட வரிசை நிக்கும். என்னம்மா, உன் மேஜையில படம் ஓடுதா, எனக்கும் ஒரு டிக்கெட் போடேன்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆனா நர்ஸோட தாளப் படிச்சுக் காட்டறப்போ அந்த அக்கா நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு வந்து கேட்டாங்க. ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்து வந்து பெட்ரூம் வாசல்ல நின்னுச்சே, அது.

இல்ல மேடம், உள்ள வரலாமான்னு கேக்கற மாதிரி நின்னுச்சுங்கறது நர்ஸ் சொன்னதுதான். அவங்க சொன்னது இன்னும் அஞ்சு நிமிஷம் நீளம். எத வெக்கணும் எத விடணும்ங்கறது மட்டும்தான் என் வேலை. அதுதான வேலையே.

ஆமா, கேளுங்க. எங்க வீட்டுலயும் தண்ணி வந்துச்சா? வந்துச்சு. நாங்களும் இவங்க இருக்கற அதே தெருதான். நானு, அம்மா, அண்ணன் மூணு பேரு, கீழ்த்தளம். அம்மா ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கறவங்க. அந்தத் தையல் மெஷின் போச்சு, கட்டில் போச்சு. எங்கண்ணன் அம்மாவ முதுகுல தூக்கிக்கிட்டு மாடிக்கு ஏறினான், அவங்களுக்கு முட்டி வலி. நான் ஒரு அட்டைப்பெட்டியத் தூக்கிட்டு ஏறினேன். சர்டிஃபிகேட்டெல்லாம் பத்திரமாக் கொண்டுவந்துட்டா பாரு, படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்னு அவன் தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரியறான்.

சரி, எங்க விட்டேன். கண்டுபிடிச்சது.

நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எனக்கு ரொம்ப ஆச்சரியம் மேடம். ஏன்னா கையெழுத்து இருபத்து மூணும் இருபத்து மூணு பேருது. ஒருத்தருது கோழி கிளறின மாதிரி இருக்கும், வேன் டிரைவருது அச்சடிச்ச மாதிரி இருக்கும். மையும் வேற வேற. எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் சந்தேகப்படல. எங்கேயோ தலைமை ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, எங்க முகமே தெரியாம, பென்சிலும் கையுமாப் படிச்சு, இத்தனை பேரும் முதல்ல நனைஞ்சத வெச்சே ஆரம்பிக்கறாங்களே, இத்தனை பேரும் கையில இருந்தத வெச்சே முடிக்கறாங்களே, கடைசி வாக்கியம் எல்லாருக்கும் குட்டியா இருக்கேன்னு நீங்க பாத்திருக்கீங்க. இது ஒரே ஆளுன்னு முடிவு பண்ணியிருக்கீங்க.

ஏதோ ஏஜென்ட் கும்பல் எழுதித் தருதுன்னு நெனச்சுத்தான வந்தீங்க. காலையில எங்க எல்லாரையும் கூட்டி, நீள மேஜையில இருபத்து மூணு தாளையும் வரிசையாப் பரப்பி வெச்சு என்ன கேட்டீங்க? இதெல்லாம் ஒருத்தர் எழுதினது, யாரு அந்த ஒருத்தர்னு கேட்டீங்க.

அந்த நேரத்துல நான் பயந்திருக்கணும். மேற்படியாருக்கு நெத்தியில வேர்க்குது, சீனியர் அக்கா என் கால மிதிக்கறாங்க, பேசாம இருன்னு. எனக்கு என்ன ஆச்சு தெரியுமா மேடம்? சந்தோஷமாயிடுச்சு. அசிங்கமா இருக்கு சொல்றதுக்கு, ஆனா அதான் நெசம். பதினாலு வயசுலேருந்து எழுதறேன். பஸ்ல பாத்தது, மாடிப்படியில காதுல விழுந்தது, எங்க தெருவுல ரெண்டு பேர் சண்டை போட்டா யாரு முதல்ல குரலத் தாழ்த்தறாங்கங்கறது. நோட்டு நோட்டா. அந்த நோட்டுகள ஒருத்தருக்கும் காட்டினதில்ல. நல்லா இருக்கா இல்லையாங்கறத விடுங்க, அது எழுத்துதானான்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க முகம் பாக்காம, பேர் தெரியாம, இது ஒருத்தரோட எழுத்துன்னு சொன்னீங்க. எனக்குன்னு ஒரு எழுத்து இருக்குன்னு எனக்கு முதல்ல சொன்ன ஆள் நீங்கதான். அதுவும் என்னைப் பிடிக்க வந்த எடத்துல.

அதான் எழுந்து நின்னேன். நான்தான் மேடம்னு சொன்னேன். பாதிப் பேரு திரும்பிப் பாத்தது நான் ஒத்துக்கிட்டதுக்கு இல்ல. அது யாரு குரல்னு தெரியாமப் பாத்தாங்க.

போன மாசத்துலேருந்து அரை மனசா இருந்தது அந்த நிமிஷத்துல முடிவாயிடுச்சு. இனிமே இதுதான் என் தொழில்னு.

அப்படிச் சட்டுன்னு எடுக்கற முடிவா அதுன்னு கேப்பீங்க. மேற்படியாரும் அதத்தான் கேட்டாரு. மத்தியானம் தனியாக் கூப்பிட்டு, யம்மா, எழுத்தெல்லாம் ஹாபியா வெச்சுக்க, யாரு வேணாங்கறா, ஞாயித்துக்கிழமை எழுது, வேலை வேலையா இருக்கட்டும்னாரு. அவரு பொண்ணுகூட ஓவியம் வரையுமாம், இப்போ வங்கியில இருக்காம், இன்னும் லீவு நாள்ல பூ போடுதாம். நான் கேட்டேன், சார், அந்தப் பொண்ணு கடைசியா எப்ப பூ போட்டுச்சுன்னு. அவரு யோசிச்சாரு. அப்புறம்தான் போய் இந்தத் தாள டைப் அடிச்சாரு.

பொழுதுபோக்குன்னா என்ன? பொழுது நெறைய இருக்கு, போகமாட்டேங்குது, அதுக்கு ஒண்ணு. எனக்கு அப்படி இல்ல. காலையில ஒம்பது மணிக்கு அந்த மேஜையில உக்கார்றேன், சாயங்காலம் அஞ்சரைக்கு எழுந்திருக்கறேன், நடுவுல எனக்கு நல்லா ஞாபகம் இருக்கறது அந்தப் பன்னண்டு கோடு மட்டும்தான். மத்ததெல்லாம் சீல் குத்தினது. ரெண்டு வருஷமா என்னைச் சீல் குத்தறதுக்கு வெச்சிருக்காங்கன்னு நானும் நம்பிட்டு இருந்தேன்.

வேலை போனா என்ன பண்ணுவேன்னு கேக்கறீங்க. கேக்கலயா? கண்ணு கேக்குதே. சொல்றேன். அந்த இருபத்து மூணு பேரு வீட்டுக்கும் போன மாசமே போயிட்டு வந்துட்டேன். நீங்க சொவர அளக்கப் போறதுக்கு முன்னாடியே. அவங்க சொன்னத நான் விரிவா எழுதி, பேர் போடாம பத்திரிகைக்குக் குடுக்கலாமான்னு கேட்டேன். ஆமா, நான்தான் கேட்டேன், ஒவ்வொரு கதவாத் தட்டி. முதல் நாலு வீட்ல கதவத் தட்டிட்டு, தொறந்ததும் தண்ணி கேட்டுக் குடிச்சிட்டுத் திரும்பி வந்துட்டேன். அஞ்சாவது வீட்லதான் வாயி வந்துச்சு. அப்புறம் அந்த நாலு வீட்டுக்கும் மறுபடி போனேன். இன்னும் தாகமாம்மான்னு கேட்டாங்க.

இருபது பேரு சரின்னுட்டாங்க. ரெண்டு பேரு யோசிச்சுச் சொல்றேன்னாங்க. கண்டக்டர் ஒருத்தரு மட்டும், மத்ததெல்லாம் போடு, அந்த ரிமோட்ட மட்டும் எடுத்துடுன்னாரு. பதினாறாவது தாள் மேடம். டிவிய உள்ள விட்டுட்டு ரிமோட்டோட வெளிய வந்தாரே. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு அத விடாமப் புடிச்சிருந்திருக்காரு, பக்கத்து வீட்டுக்காரங்க இன்னும் அவர சேனல மாத்துங்கன்னு கூப்பிடறாங்களாம். ரிமோட் இல்லன்னா அது உங்க கதையே இல்ல சார்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஒத்துக்குவாரு.

ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர்கிட்ட மூணு குடுத்திருக்கேன். படிச்சிட்டு, வாரம் ஒண்ணு போடலாம், மீதியும் எழுதிக் கொண்டான்னு சொல்லியிருக்காரு. அவரும் அந்த ஜனங்க கதையத்தான் பாத்தாரு, என் எழுத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதுல என்ன வரும்னா, பெரிசா ஒண்ணும் வராது. அத வெச்சு நான் நிமிந்து நிக்க ரெண்டு வருஷம் ஆகலாம், நாலு வருஷம் ஆகலாம். தெரியாமச் சொல்லல. மத்த நேரத்துல அந்தக் கட்டத்து முன்னாடி உக்காந்து முழிக்கறவங்களுக்கு எழுதித் தருவேன். உங்க கட்டம் மட்டும் இல்ல மேடம், ஊரு முழுக்க ஆயிரம் ஆபீஸ்ல அந்தக் கட்டம் இருக்கு. ஆபீஸுக்குள்ள இருந்துக்கிட்டு எழுதினாத்தான விதி? வெளிய நின்னு எழுதினா?

ஏஜென்ட்டு ஆயிடுவேங்கறீங்களா. பரவால்ல, நீங்க தேடி வந்த ஆள் கெடச்ச மாதிரி இருக்கும்.

இப்போ உங்களப் பத்தி ஒண்ணு சொல்லவா? தப்பா எடுத்துக்காதீங்க. வாய்தான் வராது, கண்ணு நல்லா வேலை செய்யும். இந்தத் தாளுங்கள்ல நீங்க பென்சில்ல கோடு போட்டிருக்கீங்க. ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு. முதல் எட்டுத் தாள்லயும் போட்டிருக்கீங்க. பத்துலேருந்து மறுபடி போட்டிருக்கீங்க. ஒம்பதாவது தாள்ல கோடே இல்ல.

எடுத்துப் பாருங்க. அந்த கேன்டீன் சமையக்காரம்மா. கதவு நிலையில பையனோட உயரத்த வருஷா வருஷம் குறிச்சு வெச்சிருந்தாங்க. முதல்ல நனைஞ்சது அவனோட ஒரு வயசு. தண்ணி ஏற ஏற ரெண்டு வயசு, மூணு வயசு. வடிஞ்சப்போ மூணு வயசு வரைக்கும் அழிஞ்சு போச்சு, நாலு வயசுக்கு மேல இருக்கு. கையில என்னம்மா இருந்துச்சுன்னு கேட்டேன். அவன் கை இருந்துச்சுன்னாங்க. இப்போ பதினேழு வயசாம், கையத் தொட விடமாட்டானாம், அன்னிக்கு விட்டானாம்.

அத நீங்க விசாரணை அதிகாரியாப் படிக்க ஆரம்பிச்சிருக்கீங்க மேடம். படிச்சு முடிச்சப்போ பென்சில மறந்துட்டீங்க.

பதில் சொல்ல வேணாம். ரெக்கார்டர் ஓடுதுல்ல. ஆனா அங்க கோடு போட மறந்த நீங்களே, மாதிரிப் படிவத்தப் பாத்து எழுதினேன்னு என் கையாலயே எழுதிக் குடுங்கறீங்களே. அது என்னால ஆகாது. என்னைத் திருடின்னு எழுதுங்க, விதியை மீறினவள்னு எழுதுங்க, போடறேன். இந்த வார்த்தை என்னுதில்லன்னு மட்டும் போடமாட்டேன். இருபத்து நாலு வயசாச்சு, என்னுதுன்னு சொல்லிக்க எனக்கு வேற ஒண்ணும் இல்ல.

ஃபைல மூடறீங்களா? இருங்க மேடம். இன்னும் ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டு கேள்வி ஏன்னு சொல்றேன்னு சொன்னேன்ல.

அந்த அடுத்த ஃபாரக் கட்டுல பாருங்க. ஆமா, நீங்க சந்தேகமில்லைன்னு ஒதுக்கி வெச்சது. அதே தெரு, அதே தேதி. மேலேருந்து ரெண்டாவது. பேரப் பாத்தீங்களா? எங்கம்மா. சொந்தக்காரங்க ஃபாரத்த நான் தொடக் கூடாதுன்னு பக்கத்து மேஜை அக்காகிட்டதான் குடுத்தோம். ஆனா அதையும் எழுதினது நான்தான். அம்மா அதப் பாத்து அப்படியே எழுதிட்டாங்க. அதுல கோடு இல்ல, ஏன்னா அதுல ஒண்ணுமே இல்ல. படிங்க. மேற்படி தேதியில் மேற்படி வீட்டினுள் நீர் புகுந்ததால் மேற்படி தையல் இயந்திரம் முதலான பொருட்கள் சேதமடைந்தன. அவற்றை அப்புறப்படுத்தப் போதிய அவகாசம் இருக்கவில்லை.

நான் எழுதினதுலயே மட்டமானது அதுதான். பொய்யும் அதுல மட்டும்தான்.

அவகாசம் இருந்துச்சு மேடம். ஒரு தடவ மாடி ஏறி எறங்கற அவகாசம் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். மூணு நாள் மழைக்கு அப்புறம் நல்ல வெயில், தண்ணி வரும்னு யாரும் எதிர்பாக்கல. அம்மா மெஷின் மிதிச்சிட்டு இருந்தாங்க. முதல்ல நனைஞ்சது அவங்க பாதம். குனிஞ்சு பாத்துட்டு, மிதிக்கறத நிறுத்தாம அந்தத் தையல முடிச்சு, நூல அறுத்துட்டுத்தான் எழுந்தாங்க. அண்ணன் அவங்கள முதுகுல ஏத்திக்கிட்டான். போறப்போ அம்மா திரும்பி என்கிட்ட சொன்னாங்க, தலைய மட்டும் கழட்டித் தூக்கிட்டு வந்துடும்மா, ஸ்டாண்டு கெடக்கட்டும்னு. மெஷினோட மேல் பாகம். ரெண்டு திருகாணிதான், எனக்குக் கழட்டத் தெரியும், சின்ன வயசுலேருந்து எண்ணெய் போடறது நான்தான். தண்ணி அப்போ முழங்காலுக்குக் கீழதான் இருந்துச்சு. நான் மெஷின்கிட்ட போனேன். தொட்டேன்கூட. அப்புறம் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு அந்த அட்டைப்பெட்டிய இழுத்தேன். சர்டிஃபிகேட் பீரோ மேல் தட்டுல இருந்துச்சு, அது நனையவே இல்ல, அண்ணன் இன்னும் அங்க பாக்கல. பெட்டிய மாடியில வெச்சிட்டுத் திரும்பினப்போ கீழ்ப்படி ரெண்டு முழுகியாச்சு.

என்னோட பதினோரு நோட்டு.

அன்னிலேருந்து அம்மா கையால ஊசி கோத்துத் தெச்சிட்டு இருக்காங்க. அவகாசம் இல்லாமப் போச்சு, பாவம், பொண்ணு என்ன செய்வான்னு வந்தவங்க கிட்டயெல்லாம் சொல்றாங்க. நான் ஆபீஸுக்கு வந்து, எதிர்ல உக்கார்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், உங்க கையில என்ன இருந்துச்சுன்னு கேட்டுட்டு இருந்தேன். யாராவது ஒருத்தராவது எங்கம்மாகிட்ட நான் போய்ச் சொல்ற மாதிரி ஒரு பதில் சொல்லமாட்டாங்களான்னு. ரிமோட்டுன்னாங்க, பிளக்குன்னாங்க. அவங்கல்லாம் எத எடுத்தோம்னு தெரியாம எடுத்தவங்க மேடம். நான் தெரிஞ்சு எடுத்தேன்.

வருத்தமான்னா, மெஷின் போனதுக்கு வருத்தம் இருக்கு. எழுத்துல முதல்ல வர்ற காசு புது மெஷினுக்குத்தான். எடுத்ததுக்கு வருத்தம் இல்ல. திரும்பத் தண்ணி வந்தாலும் குனிஞ்சு அதத்தான் இழுப்பேன். ஆனா அத அம்மாகிட்ட நான் சொல்லணும், சாயங்காலம் போய்ச் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி இந்தப் பன்னண்டு கோட்டையும் சரியா எழுதிடணும்.

ஆமா, அம்மா கிளெய்ம் நிக்காமப் போகலாம். தெரியும். 

ஒரு புது ஃபாரம் குடுங்க. மூணாம் பக்கம் மட்டும் போதும். அந்தப் பென்சில் வேணாம் மேடம், பேனா இருந்தாக் குடுங்க.